திருக்கையின் வாயும் சூரையின் வாலும்: கடல்குப்பை அள்ளும் ட்ரோன்கள் எந்த விலங்கிடம் எதைக் கற்கின்றன?

திமிங்கலச் சுறா தன் இரையைத் துரத்திப் பிடிப்பதில்லை. வாயை அகலத் திறந்துகொண்டு நீர்மட்டத்தை ஒட்டி மெதுவாக நகர்கிறது; எதிர்ப்படும் நீர் வாய்க்குள் புகுந்து செவுள்கள் வழியே வெளியேற, அதில் மிதந்து வந்த சிற்றுயிர்கள் மட்டும் உள்ளே தங்கிவிடுகின்றன. நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் இயங்கும் ரான்மரீன் நிறுவனம் உருவாக்கிய ‘வேஸ்ட்ஷார்க்’ என்னும் ஆளில்லாக் கலம் சுறாவிடமிருந்து கடன் வாங்கியது இந்த ஒரு பழக்கத்தைத்தான். உருவத்தில் அது சுறாவைப் போல இருக்காது. இரண்டு மிதவைகளுக்கு நடுவே முன்பக்கம் திறந்த ஒரு கூடை, பின்னால் மின்கலத்தில் ஓடும் சிறு உந்திகள், அவ்வளவே. நீளம் ஒன்றரை மீட்டர் அளவு. அகலம் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். இங்கிலாந்தின் டெவன் பகுதியிலுள்ள இல்ஃபிரகோம்ப் துறைமுகத்தில் 2019இல் இறக்கப்பட்ட இக்கலம், படகுகளுக்கும் கரைச்சுவருக்கும் இடையிலான மூலைகளில் அலை கொண்டுவந்து ஒதுக்கும் புட்டிகளையும் பைகளையும் வாய்க்குள் வாங்கிக்கொள்ளும் வேலைக்கு வந்தது.

ட்ரோன் என்றதும் வானில் பறப்பதே நினைவுக்கு வந்தாலும், ஆளின்றி நீரின் மேலும் அடியிலும் இயங்கும் கலங்களுக்கும் அச்சொல் இப்போது வழங்கிவிட்டது. அவற்றில் மீன், திருக்கை, ஆமை, சொறி (ஜெல்லிமீன்), நீர்ப்பூச்சி என ஏதாவதொரு உயிரைப் பார்த்துச் செய்தவை ஆண்டுதோறும் செய்திகளில் வருகின்றன. ‘பிளாஸ்டிக் தின்னும் இயந்திர மீன்’ என்ற தலைப்பைப் படிக்காதவர் குறைவு. அச்செய்திகள் பெரும்பாலும் இயந்திரம் எவ்வளவு அழகாக நீந்துகிறது என்பதோடு நின்றுவிடுகின்றன. ஒரு கடல்வாழ் விலங்கிடமிருந்து பொறியாளர் பெறக்கூடியவை அடிப்படையில் இரண்டு: அது எப்படி நகர்கிறது, எப்படி உண்கிறது. முதலாவதில் கடந்த முப்பது ஆண்டுகளில் நல்ல முன்னேற்றம் கிடைத்திருக்கிறது. குப்பை அள்ளும் வேலையோ இரண்டாவதைச் சார்ந்தது, அங்கேதான் சிக்கல் அத்தனையும் கிடக்கிறது.

வாலின் கதையை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1936இல் ஜேம்ஸ் கிரே என்னும் ஆங்கிலேய விலங்கியலாளர், டால்பின் நீந்தும் வேகத்துக்குத் தேவையான விசையைக் கணக்கிட்டு, அதன் தசைகளுக்கு அவ்வளவு வலு கிடையாதே என்று வியந்தார். டால்பின்களின் தசை அவர் எண்ணியதைவிட வலியது என்று பிற்கால அளவீடுகள் காட்டிவிட்டன. ஆனால் அந்த வியப்பு மட்டும் பொறியாளர்களைப் பல பத்தாண்டுகள் உந்திக்கொண்டிருந்தது. 1990களின் நடுவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் மைக்கேல் டிரையன்டாஃபைலோவின் குழு, சூரை மீனின் வடிவில் ஆறு மோட்டார்களால் இயங்கும் ‘ரோபோடூனா’வைச் செய்து, சோதனைத் தொட்டியில் ஒரு தண்டவாள வண்டியிலிருந்து தொங்கவிட்டு நீந்த வைத்தது. 2018இல் அதே நிறுவனத்தின் ‘சோஃபி’ என்னும் மென்மீன், கட்டுக் கம்பி எதுவுமின்றி ஃபிஜி நாட்டின் பவளப்பாறைகளுக்கு நடுவே ஒரே வீச்சில் சுமார் 40 நிமிடம் நீந்தியது. சிலிக்கோன் ரப்பரால் ஆன அதன் வாலுக்குள் ஒரு பம்பு நீரை இடமும் வலமுமாக மாற்றி மாற்றிச் செலுத்த, வால் மெல்ல வளைந்து அசையும். அருகிலிருந்த மீன்கள் மிரண்டு ஓடவில்லை என்பதே அந்தச் சோதனையில் ஆய்வாளர்களை மகிழ்வித்த செய்தி. கடலுயிர்களைக் கலைக்காமல் பார்ப்பதற்கு இது அருமையான கருவி. புட்டிகளும் பைகளும் மிரண்டு ஓடுபவை அல்ல என்பதால், குப்பை அள்ளுவதில் இந்தச் சாதுரியத்துக்கு வேலை குறைவு.

ஆயினும் துடுப்பும் வாலும் குப்பைக்கு நடுவில் உதவும் இரண்டு இடங்கள் உண்டு. சுழலும் உந்தியில் நைலான் கயிறோ வலைத் துண்டோ ஒருமுறை சுற்றிக்கொண்டால் இயந்திரம் நின்றுவிடும் என்பது எந்தப் படகோட்டிக்கும் தெரிந்த தொல்லை. குப்பை இருக்கும் இடத்துக்கே தேடிப் போகும் கலத்துக்கு அது அன்றாட ஆபத்து. முன்னும் பின்னும் அசையும் துடுப்பில் கயிறு அவ்வாறு இறுகச் சுற்றாது. இரண்டாவது, கடலடிச் சேறு. எஸ்டோனியாவின் தாலின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான ‘யூ-கேட்’ என்னும் இயந்திர ஆமை, மூழ்கிய கப்பல்களுக்குள் நுழைந்து பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. தனித்தனியே இயங்கும் நான்கு துடுப்புகளால் அது நின்ற இடத்திலேயே திரும்பும், ஏறும், இறங்கும், உந்தியைப் போலச் சேற்றைக் கிளப்பிக் கேமராவை மறைக்காது. கடலடியில் புதைந்து கிடக்கும் குப்பையைத் தேட வேண்டிய கலத்துக்கும் இதே தேவை இருக்கிறது.

சொறியைப் பார்த்துச் செய்த ஒன்றும் இங்கே குறிப்பிடத் தக்கது. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நுண்ணறிவு அமைப்புகள் நிறுவனத்தார் 2023இல் வெளியிட்ட இயந்திரச் சொறியில் மோட்டார் கிடையாது. திரவம் நிரப்பிய மென்மையான பைகளின் மேல் மின்முனைகள் படிந்திருக்கின்றன. மின்னழுத்தம் கொடுத்தால் திரவம் ஒருபுறம் தள்ளப்பட்டுப் பை தசைபோல் மடங்கும், எடுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். சுமார் 100 மில்லிவாட் மின்சாரத்தில், சத்தமில்லாமல், விநாடிக்கு 6 சென்டிமீட்டர் அளவு நகர்கிறது. உயிருள்ள சொறி தன் குடையைச் சுருக்கி விரிக்கும்போது எழும் சுழல்கள் அதை முன்னே தள்ளுவதோடு, சுற்றியுள்ள இரையையும் அதன் பக்கமாக இழுத்து வரும். இயந்திரமும் அப்படியே, ஒரு பொருளைத் தொடாமலே தனக்குக் கீழே இழுத்து, நீரோட்டத்தால் தாங்கி, மேலே கொண்டுவருகிறது. பவளம்போல் தொட்டால் உடையும் பரப்பின்மேல் கிடக்கும் ஒரு துண்டை எடுக்க இது பொருந்தலாம். ஆனால் பெரும்பாலான சோதனைகளில் அது மெல்லிய கம்பி வழியாக வெளியிலிருந்து மின்சாரம் பெற்றது. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், சற்று வேகம் எடுத்தாலே விநாடிக்கு 6 சென்டிமீட்டர் நீச்சல் எதற்கும் ஈடாகாது.

இனி வாய்க்கு வருவோம். 2022இல் பிரிட்டனின் சர்ரே பல்கலைக்கழகம், இயற்கையைப் பின்பற்றும் இயந்திரங்களுக்காக ஒரு திறந்த போட்டியை நடத்தியது. அதில் ஒரு மாணவி அனுப்பிய, சால்மன் அளவிலான இயந்திர மீனின் வரைவு தேர்வாகி, ‘கில்பர்ட்’ என்ற பெயரில் உருப்பெற்றது. அதன் வாய் திறக்கும்போது வாயின் அடித்தளம் தாழ்ந்து நீரை உள்ளே இழுக்கும். வாய் மூடியதும் அடித்தளம் உயர்ந்து அந்த நீரைச் செவுள் மூடிகளின் வழியே வெளியே பிதுக்கும். இடையில் நிற்கும் சல்லடை, 2 மில்லிமீட்டர் வரை சிறிய துணுக்குகளைப் பிடித்துக்கொள்ளும். மீன் மூச்சுவிடும் செயலையே அப்படியே எடுத்துக்கொண்ட இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் நுண்பிளாஸ்டிக் என்பதன் வரையறை 5 மில்லிமீட்டருக்குக் கீழ். உடைகளிலிருந்து உதிரும் இழைகளும், தேய்ந்து நொறுங்கிய துகள்களும் 2 மில்லிமீட்டரைவிடப் பல மடங்கு சிறியவை. அவற்றைப் பிடிக்கச் சல்லடைக் கண்ணைச் சிறிதாக்கினால் இரண்டு விளைவுகள் உடனே வரும்: நீரைத் தள்ளும் விசை பெருகும், சல்லடை விரைவில் அடைபடும். மாவு சலிப்பவர் தட்டித் தட்டிச் சலிப்பது இந்த அடைப்பைத் தீர்க்கத்தான். நடுக்கடலில் தட்ட ஆளில்லை.

அடைப்பு என்னும் இந்தச் சிக்கலுக்குக் கடலில் வியக்கத்தக்க ஒரு விடை இருக்கிறது. நம் கரைகளில் ஆனைத்திருக்கை, கொம்புத் திருக்கை என்று வழங்கும் மான்டா இனத்து மீன்கள் வாய் திறந்து நீந்தும்போது, நீர் செவுள்களில் வரிசை வரிசையாக அமைந்த இலை போன்ற மடல்களின் மேல் ஓடுகிறது. அம்மடல்களுக்கு இடையிலான துளைகள், மீன் பிடித்து உண்ணும் சிற்றுயிர்களைவிடப் பெரியவை. சல்லடைக் கணக்குப்படி பார்த்தால் அந்த உயிர்கள் அத்தனையும் துளை வழியே தப்பிப் போயிருக்க வேண்டும். 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இம்மடல்களின் மாதிரியைச் செய்து, சாயம் கலந்த நீரை ஓடவிட்டுப் பார்த்தபோது நடப்பது புரிந்தது. வேகமாக வரும் நீர் ஒவ்வொரு மடலின் பின்னும் ஒரு சிறு சுழலாகிறது. துகள் மடலின் முன்விளிம்பில் மோதித் துள்ளி, மீண்டும் மைய ஓட்டத்திலேயே போய் விழுகிறது. துளை வழியே வெளியேறுவது ஏறக்குறைய தெளிந்த நீர் மட்டும். துகள்கள் அப்படித் துள்ளித் துள்ளித் தொண்டைப் பக்கம் போய்ச் செறிகின்றன. துளையில் எதுவும் சிக்குவதில்லை என்பதால் அடைப்பும் இல்லை. துணியால் வடிகட்டுவதற்கும் இதற்கும் உள்ள தொலைவு பெரிது. நெல்லைத் தூற்றுவதோடு ஒப்பிட்டால் பொருந்தும், அங்கும் பிரிப்பது துளையின் அளவன்று, ஓட்டமும் எடையும்தான். குப்பைக் கலத்துக்கு விலங்கிடமிருந்து ஒன்றே ஒன்று வாங்கலாம் என்றால் நான் இதைத்தான் வாங்குவேன்.

அடைப்பைத் தீர்க்க வேறொரு வழியும் கடலில் உண்டு: வடிகட்டியையே தூக்கி எறிந்துவிடுவது. லார்வேசியன் என்னும் ஒளி ஊடுருவும் சிற்றுயிர், தன் சளியால் ஒரு வீடு கட்டி, அதன் நடுவே இருந்துகொண்டு வாலால் நீரை உள்ளே செலுத்தி வடிகட்டி உண்கிறது. கலிபோர்னியாவின் மான்டரே வளைகுடாவில் ஆய்வாளர்கள் அளந்தபோது, சில சென்டிமீட்டர் நீளமே உள்ள பெரிய வகை லார்வேசியன் ஒரு மணி நேரத்தில் 76 லிட்டர் வரை வடிகட்டியது. வீடு அடைபட்டதும் அதைக் கழற்றி விட்டுவிட்டுப் புதிது கட்டிக்கொள்ளும். அங்கேயே நடந்த இன்னொரு சோதனையில் நுண்பிளாஸ்டிக் மணிகளை நீரில் விட்டபோது, அவற்றையும் அது வடிகட்டியது. கைவிடப்பட்ட வீடுகளும் கழிவுகளும் அம்மணிகளைச் சுமந்துகொண்டு ஆழத்தில் இறங்கின. விலங்குக்கு அது வசதி. குப்பை அள்ளும் கலம் அதே வழியைப் பின்பற்றினால் குப்பையை மேல்மட்டத்திலிருந்து கடலடிக்கு இடம் மாற்றியதாகவே முடியும்.

திருக்கையின் வாயாலும் தீராத ஒன்று, பிரித்தறிதல். அந்த மீனுக்கு வாயில் சேர்வது எல்லாமே உணவு. இயந்திரத்துக்கோ அதே அளவில், அதே எடையில், அதே மட்டத்தில் மிதக்கும் மீன்முட்டையும் பிளாஸ்டிக் மணியும் வேறுவேறு. கரைவலை இழுத்து மடியைக் கொட்டும் இடத்தில் நின்றவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: நெத்தலியும் சொறியும் பால் பாக்கெட்டும் பாசியும் ஒரே குவியலாய்க் கிடக்க, உட்கார்ந்து கையால் பிரிப்பவர்களால்தான் அது மீனாகிறது. கடல்மட்டத்துப் பிளாஸ்டிக்கை அளக்க ஆய்வாளர்கள் இழுக்கும் வலைக்கும், அதன் அகன்ற வாயையும் இருபக்கச் சிறகுகளையும் பார்த்து ‘மான்டா வலை’ என்றே பெயர். அதன் கண் ஏறக்குறைய 0.33 மில்லிமீட்டர். அதில் சேர்வதையும் ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் கீழ் வைத்துத்தான் பிரிக்கிறார்கள். அளவெடுப்பதற்கு அந்த உழைப்பு தகும். கடலையே அப்படி வடிகட்டினால், மிதவையுயிரிகளையும் சேர்த்து அள்ளிய பழி வந்து சேரும்.

எவ்வளவு கடல் என்பதையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும், ஏனெனில் செய்திகளில் இது விடுபட்டுப் போகிறது. ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் இடையே நீரோட்டங்கள் சுழன்று குப்பையைச் சேர்க்கும் பகுதியில், 16 லட்சம் சதுர கிலோமீட்டரில் சுமார் 79,000 டன் பிளாஸ்டிக் மிதப்பதாக 2018இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. சராசரியாக ஒரு சதுர கிலோமீட்டருக்கு 50 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஒரு மீட்டர் அகல வாயுள்ள கலம் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போனால் மணிக்கு 3,600 சதுர மீட்டரைத் துழாவும். கிடைப்பது சுமார் 180 கிராம், அதாவது ஏழெட்டுப் புட்டிகளின் எடை. ஒரு சதுர கிலோமீட்டரை முடிக்க இரவு பகலாக ஏறத்தாழ 12 நாள் ஆகும். முழுப் பரப்பையும் ஓராண்டில் ஒரு தடவை துழாவுவதற்கே 50,000 கலங்கள் ஓயாமல் ஓட வேண்டும். குப்பை சமமாகப் பரவியிருப்பதில்லை, நடுப்பகுதியில் அடர்த்தி கூடுதல் என்பது உண்மை. அதை ஒத்துக்கொண்டாலும் கணக்கின் போக்கு மாறாது. போதாக்குறைக்கு, அந்த 79,000 டன்னில் 46 சதவீதம் மீன்பிடி வலைகள். ஓர் ஆள் உயர மீன்வடிவக் கலம் அப்படிப்பட்ட ஒரு வலைக் குவியலைக் கண்டால், அதை அள்ளுவதற்குப் பதில் ஓர் உண்மையான மீனைப் போலவே அதில் மாட்டிக்கொள்ளும்.

திமிங்கலச் சுறாவுக்கு மட்டும் இந்தக் கணக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது? அது வடிகட்டிய ஒவ்வொரு கவளமும் அடுத்த கவளத்தைத் தேடிப் போவதற்கான எரிபொருள். தவிர, அது இரை செறிந்த இடத்துக்கு மட்டுமே போகும்; உண்டதைச் சுமந்துகொண்டு கரைக்குத் திரும்ப வேண்டியதும் இல்லை. இயந்திரத்துக்குப் பிளாஸ்டிக் உணவாகாது, சுமையாகத்தான் சேரும். பிரிட்டனின் பிரிஸ்டல் நகர ஆய்வாளர்கள் 2015இல் செய்த ‘ரோ-பாட்’ இந்த இடைவெளியை நிரப்பப் பார்த்தது. துடுப்புக் கால்களால் நீந்தும் நீர்ப்பூச்சியைப் போன்ற அது, அழுக்கு நீரை விழுங்கி, அதிலுள்ள கரிமப் பொருளை நுண்ணுயிர் மின்கலத்தில் சிதைத்துத் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே எடுத்துக்கொண்டது. கிடைத்த மின்சாரம் அடுத்த வாய்க்கு நீந்திப் போகப் போதுமானது, கூடை சுமக்கப் போதாது.

எனவே இவ்வகைக் கலங்கள் துறைமுகத்துக்குள் பயன்படுவது தற்செயல் அன்று. அங்கே குப்பை மூலையில் செறிந்து கிடக்கிறது, மின்னேற்றும் இடமும் கூடையைக் கவிழ்க்கும் இடமும் நூறு மீட்டரில் இருக்கின்றன. வேஸ்ட்ஷார்க் ஒரு நாளில் 500 கிலோ வரை அள்ளும் என்று தயாரிப்பாளர் சொன்னதுண்டு. அதன் கூடையின் கொள்ளளவு 200 லிட்டருக்கும் குறைவு. காலிப் புட்டிகளாக மட்டும் நிரப்பினால் ஒரு கூடைக்கு நான்கைந்து கிலோ தேறலாம். ஆக அந்த 500 கிலோ எட்டப்படும் நாளில் அதில் பெரும்பகுதி நனைந்த மரத்துண்டும் பாசியும் தழையுமாகத்தான் இருக்கும். அதையும் யாராவது அகற்றத்தான் வேண்டும் என்பதால் இது குறையாகாது. ‘500 கிலோ பிளாஸ்டிக்’ என்று வாசிப்பதுதான் பிழை.

சீனாவின் சிச்சுவான் பல்கலைக்கழகத்தார் 2022இல் காட்டிய 13 மில்லிமீட்டர் மீனை இங்கே ஒரு வரியில் கடந்துவிடலாம்: சிப்பியின் உட்பக்கப் பளபளப்பு அடுக்கைப் பார்த்துச் செய்த பொருளாலான அதன் வால், அகச்சிவப்பு லேசரின் துடிப்புக்கு ஏற்ப அசைகிறது, உடலில் நுண்பிளாஸ்டிக் ஒட்டிக்கொள்கிறது. அகச்சிவப்பு ஒளியை நீர் வெகு விரைவில் விழுங்கிவிடும் என்பதால் அதன் இடம் இப்போதைக்கு ஆய்வகத் தொட்டியின் மேல்மட்டமே.

கடலடிக் குப்பைக்காக ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் 2020இல் தொடங்கிய ‘சீக்ளியர்’ திட்டம் விலங்கு உருவத்தைக் கிட்டத்தட்ட முழுவதுமாக விட்டுவிட்டது. நீர்மேல் ஓர் ஆளில்லாப் படகு, தேடுவதற்கு ஒரு சிறு நீர்மூழ்கி, எடுப்பதற்கு ஒரு பெரியது என்று வேலை பகிரப்படுகிறது. கண்டது குப்பையா கடலுயிரா என்பதைக் கேமராப் படங்களில் பயிற்றுவிக்கப்பட்ட கணினி முடிவு செய்கிறது. அதன் தொடர்ச்சியாக மூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான நீர்மூழ்கி, நான்கு விரல் கொண்ட கையால் 250 கிலோ வரை தூக்கும். கண்ணாடிப் புட்டியைப் பிடிக்கும்போது நொறுக்கிவிடாமலிருக்க விரல்களில் உணரிகள் உள்ளன. விலங்கிடமிருந்து வாங்கியது என்று தேடினால், அந்தக் கையின் பிடி மட்டுமே தேறும்.

நீந்தும் விலங்குகளைப் பார்த்தது போதும் என்று சில நேரம் தோன்றுகிறது. கடலில் உண்டு வாழ்பவற்றுள் பெருந்தொகையானவை நகர்வதே இல்லை. பாறையில் ஒட்டிய கொட்டலசு (பார்னக்கிள்) என்னும் ஓட்டுயிர் தன் சீப்புப் போன்ற கால்களை விரித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருக்கும். நீவாடு வேகமாக இருந்தால் காலை அசைக்காமல் பிடித்துக்கொண்டு வருவதை வாங்கிக்கொள்ளும், ஓட்டம் தளர்ந்தால் மட்டும் காலை வீசி நீரைத் தானே இழுக்கும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜோன்ஸ் ஃபால்ஸ் ஆறு துறைமுகத்தில் கலக்கும் முகத்தில் 2014 முதல் நிற்கும் ‘மிஸ்டர் டிராஷ் வீல்’ யாரும் கொட்டலசைப் பார்த்துச் செய்ததன்று. ஆயினும் அதன் இயக்கம் அப்படியே பொருந்துகிறது: மிதவைத் தடுப்புகள் குப்பையை வாய்ப்பக்கம் ஒதுக்க, ஆற்றோட்டம் ஒரு நீர்ச்சக்கரத்தைச் சுழற்றுகிறது, சக்கரம் நகர்பட்டையை ஓட்டுகிறது, பட்டை குப்பையைத் தொட்டியில் கொட்டுகிறது; ஆறு வற்றிய நாளில் சூரியத் தகடுகளில் ஓடும் பம்பு நீரை இறைத்துச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதன் நெற்றியில் பின்னாளில் ஒட்டிய இரண்டு பெரிய பொம்மைக் கண்கள்தான் அதிலுள்ள ஒரே விலங்கு அம்சம், குழந்தைகள் அதைப் பார்க்க வருவதும் அந்தக் கண்களுக்காகத்தான்.

ஆற்றோட்டம் எட்டாத படகுத்துறை மூலைகளுக்கு நகரும் கலங்கள் தேவைப்படும். அப்படி உப்புநீரிலேயே நாள்கணக்கில் கிடக்கும் கலத்தின் அடிப்பாகத்திலும், மடல் வைத்த வாயானாலும் சல்லடை வைத்த வாயானாலும் அதன் உட்புறத்திலும், முதலில் ஒரு வழவழப்புப் படலம் படியும், சில வாரங்களில் அதன்மேல் கொட்டலசு வந்து ஒட்டும். அவ்வப்போது கரையேற்றி அதைச் சுரண்டி எடுக்கும் ஆளுக்கான கூலியையும் சேர்த்துத்தான் இக்கலங்களின் செலவைக் கணக்கிட வேண்டியிருக்கிறது.